ஒரே கக்கூஸ் உள்ள வீட்டில் கொலோனோஸ்கோபி

ஒரே கக்கூஸ் உள்ள வீட்டில் கொலோனோஸ்கோபிக்கு எப்படித் தயாராவது என்று எந்த ஆஸ்பத்திரியும் அச்சடித்துக் கொடுப்பதில்லை. பின்பக்கமாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனைதான் கொலோனோஸ்கோபி, அதற்கு முன்னால் குடலை மொத்தமாகக் காலி பண்ண வேண்டும். கொடுக்கிற தாளில் என்ன சாப்பிடலாம், எது கூடாது, மருந்துப் பொடியை எத்தனை மணிக்குக் கரைத்துக் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். வீட்டில் எத்தனை பேர், குழாயில் எப்போது தண்ணீர் வரும், காலேஜ் போகிற பையன் எந்த லோக்கலைப் பிடிக்க வேண்டும், எழுபது தாண்டிய மாமியார் ராத்திரியில் எத்தனை தரம் எழுந்து போவார் என்பதெல்லாம் அதில் வராது. செம்பூரில் எங்களுடையது ஒன் பி.ஹெச்.கே. மும்பைக் கணக்கில் அது நல்ல வீடுதான், குறை சொன்னால் வாய் வெந்துபோகும். ஆனால் கக்கூஸ் ஒன்று, அதற்குப் பங்காளிகள் நாலு பேர்.

எனக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் கிடையாது. தொந்தரவு வந்தது அண்ணனுக்கு. பாளையங்கோட்டையில் இருக்கிறான். மாசக்கணக்காக அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. ஆம்பளைக்கு ஏன் இவ்வளவு குறைந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல், முருங்கைக்கீரை என்று வைத்தியம் ஓடியது. கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர்தான், மாதவிலக்கு இல்லாத உடம்பில் காரணமே தெரியாமல் இரும்புச்சத்து குறைகிறதென்றால் ரத்தம் எங்கோ கசிகிறது, முதலில் குடலைப் பார்க்க வேண்டும் என்றார். பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. அந்தப் பக்கத்துக் கட்டிகள் பெரும்பாலும் அப்படித்தானாம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரத்தம் போகாது, வலிக்காது, அங்கே மலம் இன்னும் கூழாகவே இருப்பதால் சீக்கிரத்தில் அடைக்கவும் செய்யாது, துளித்துளியாகக் கசிந்து ஆளை வெளுக்க வைக்கும். ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாக இருக்கிறான், வயல் வரப்பில் நடக்கிறான், போனில் சண்டை போடுகிறான்.

டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர் அவனிடம் கேட்ட கேள்வி, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது. பெற்றவர்களிலோ கூடப் பிறந்தவர்களிலோ ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்தால், மற்றவர்கள் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னதாக, இந்த இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்கிற கணக்கு. அண்ணனுக்கு 56-ல் வந்தது. எனக்கு 51. தம்பிக்கு 47. ரெண்டு பேரும் லிஸ்டில் இருக்கிறோம்.

அன்று ராத்திரியே போன் பண்ணிவிட்டான். "ஏட்டி, சும்மா சொல்லுதேன்னு நெனைக்காத, போயி பாத்துரு. வலிக்கெல்லாம் செய்யாது. முந்துன நாளுதான்..." என்று இழுத்தான். முந்தின நாள் என்ன என்றேன். "அத நீயே பாத்துக்க" என்று வைத்துவிட்டான்.

அத்தைக்கு, என் மாமியாருக்கு, இது பிடிபடவேயில்லை. "ஒண்ணுமில்லாத உடம்புல என்னத்தப் போயி பாக்கப் போறாவ?" நியாயமான கேள்விதான். நாம் ஆஸ்பத்திரிக்குப் போவது ஏதாவது வந்த பிறகு. வராதபோது போவது என்பது நம் பழக்கத்தில் கர்ப்பிணிகளுக்கும் கண்ணாடிக் கடைக்காரனிடம் ஏமாறுகிறவர்களுக்கும் மட்டும்தான். ஆனால் இந்தச் சோதனையின் விசேஷமே, ஒன்றுமில்லாதபோது செய்தால்தான் முழுப் பலன் என்பது. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியில் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்பும் கெட்டதாக மாறாது, மாறுகிறவையும் பொதுவாகப் பத்து வருஷம் போல எடுத்துக்கொள்ளும். அந்தப் பத்து வருஷத்துக்குள் உள்ளே போய் பார்த்தால், கண்டுபிடித்த கையோடு வெட்டி எடுத்துவிடலாம், தனியாக ஆபரேஷன் வேண்டாம். நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் உல்ஃப் என்ற ரெண்டு டாக்டர்கள் 1969-ல் இதைச் செய்து காட்டுகிறவரைக்கும், குடலின் மேல்பகுதியில் இருக்கிற ஒரு பாலிப்பை எடுக்க வயிற்றைத்தான் கிழிக்க வேண்டியிருந்தது. மார்புக்கு மேமோகிராம் எடுத்தால் புற்றுநோய் இருப்பதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். இதில் வரவிடாமலே செய்யலாம். இதையெல்லாம் அத்தையிடம் விளக்கினேன். "அப்ப சரி. ஆனா யாருகிட்டயும் சொல்லாத" என்றார். ஏன் சொல்லக்கூடாது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. காலையில் "போச்சா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிற குடும்பம் எங்களுடையது.

சரி, தாளுக்கு வருகிறேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அங்கே கொடுத்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ், ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் மராத்தி. மூன்று நாளைக்கு நார்ச்சத்து குறைந்த சாப்பாடு என்று போட்டு, கீழே பட்டியல்: மேதி வேண்டாம், பாலக் வேண்டாம், ராஜ்மா வேண்டாம், பாக்ரி வேண்டாம். இதில் எங்கள் வீட்டில் தினம் சமைப்பது எதுவுமில்லை, அதனால் நாம் தப்பித்தோம் என்று முதலில் ஒரு சந்தோஷம். அப்புறம் யோசித்துப் பார்த்தால்தான் தெரிகிறது, திருநெல்வேலிச் சமையலே மொத்தமாகத் தடையில் வருகிறது. விதை, தோல், நார், இந்த மூன்றும் ஆகாது. அப்படியென்றால் கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி விதை, முருங்கைக்காய், தேங்காய்த் துருவல், கருவேப்பிலை, மிளகாய் விதை, எள்ளு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடுகு.

கடுகு இல்லாமல் தாளிப்பது எப்படி? ஆஸ்பத்திரித் தாளை எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கடுகு ஜீரணமாகாமல் முழுசாக வெளியே வருகிற ஜாதி, குடலின் மடிப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். கேமராவை ஓட்டுகிற டாக்டருக்கு உள்ளே மிச்சம் இருக்கிற தண்ணீரை உறிஞ்சி எடுக்க ஒரு குழாய் அந்தக் கருவிக்குள்ளேயே ஓடுகிறது. விதை போய் அதை அடைத்துக்கொண்டால் கருவியை வெளியே எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பின்னால் டாக்டரே சொன்னார், தமிழ்க்காரர்கள் வயிற்றில் கடுகும் குஜராத்திகள் வயிற்றில் ஜீரகமும் எள்ளும் பார்த்துப் பார்த்து, உள்ளே இருப்பதை வைத்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவாராம்.

அத்தை இதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டார். மூன்று நாளும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல், தனியாகப் பண்ண அடுப்பிலும் இடமில்லை, தெம்பும் இல்லை. பெருங்காயமும் நெய்யும் மட்டும் போட்டுத் தாளித்த பாசிப்பருப்புத் தண்ணீர், குழைய வடித்த வெள்ளைச் சோறு, இட்லி, தோல் சீவி மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, ஒரு நாள் வாவல் மீன் லேசாகப் பொரித்து. ரசத்தைத் துணியில் வடிகட்டி டம்ளரில் கொடுத்தார், அது எப்போதும் குடிப்பதைவிட நன்றாக இருந்தது. மகன்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் வடாபாவ் சாப்பிட்டுவிட்டு வந்தான். எனக்குத் தெரியாமல் சாப்பிடுவதாக அவனுக்கு நினைப்பு, பூண்டுச் சட்னி வாசம் எங்கே போகும்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஐந்தாறு நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கருப்பாக்கிப் பசை போல ஒட்ட வைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர்களும், சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும், நாமாக நிறுத்தவும் கூடாது, நாமாகத் தொடரவும் கூடாது. எனக்கு பி.பி. மாத்திரை மட்டும். அதை அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரில் போடச் சொன்னார்கள்.

கடைசி நாள் முழுக்கத் திரவம். திரவம் என்றால் ஊடுருவிப் பார்த்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். பால் கிடையாது, மோர் கிடையாது, காபி என்றால் கருப்பாக. சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் கூடாது, உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரித் தெரியுமாம். அதனால் ரூஹஃப்சா வேண்டாம், கோகம் சர்பத் வேண்டாம். இளநீர் குடிக்கலாம். தெருமுனையில் இளநீர் விற்கிற பையன் எப்போதும் போல "பானிவாலாவா, மலாய்வாலாவா?" என்று கேட்டான், வெறும் தண்ணீரா, வழுக்கையோடா என்று. நான் எப்போதும் மலாய்க் கட்சி. அன்றைக்கு பானிவாலா என்று சொன்னதும் கத்தியை நிறுத்திவிட்டு, "க்யா ஹுவா ஆன்ட்டி, தபியத் டீக் ஹை?" என்றான், என்ன ஆச்சு, உடம்பு சரியாயிருக்கா என்று. யாரிடமும் சொல்லாதே என்று அத்தை சொன்னதை மீறி முதலில் தெரிந்துகொண்டவன் அவன்தான். அவன் அப்பாவுக்கும் பண்ணினார்களாம், அந்த மருந்தைக் குளிர வைத்துக் குடித்தால் தெரியாது என்று யோசனையும் சொன்னான். அச்சடித்த தாளில் இல்லாத முக்கியமான விஷயம் அது.

மருந்து என்றால் பெக்லெக் மாதிரி ஒரு பொடி. கிட்டத்தட்ட 137 கிராம், ரெண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பிஸ்லேரி ரெண்டு லிட்டர் பாட்டில் அளவுக்குச் சரியாக இருந்தது, ஆனால் அந்தக் கழுத்து வழியாகப் பொடியை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பழைய காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி, மகன் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் தட்டித் தட்டி இறக்கினேன். கால்வாசி மேடையில் சிந்திவிடும் போலிருந்தது. முதலில் ஒரு லிட்டர் ஊற்றி, பொடியைப் போட்டு, மூடிக் குலுக்கி, அப்புறம் மீதித் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டாது. ராத்திரிக்கு ஒரு லிட்டர், விடிகாலையில் ஒரு லிட்டர் என்று பிரித்துக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். முன்பெல்லாம் மொத்தத்தையும் முந்தின நாளே குடிக்க வைப்பார்கள். பிரித்துக் குடித்தால்தான் வலது பக்கம் நன்றாகச் சுத்தமாகிறது என்று தெரிந்த பிறகு இப்படி மாற்றியிருக்கிறார்கள். அண்ணனுக்கு வந்தது எந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டால் காலை நாலரை மணிக்கு எழுந்திருப்பது சுலபமாகிவிடும்.

அந்தப் பொடியைப் பார்த்ததும் அத்தைக்கு ஒரு யோசனை. "இதுக்கா இத்தன துட்டு? நெலாவாரைப் பொடி ரெண்டு ஸ்பூனு போட்டா அடிச்சிக்கிட்டுப் போவும்." அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நிலாவாரை எங்கள் ஊர்ச் சரக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரிசல் காட்டில் விளைந்து உலகம் முழுக்க மலமிளக்கியாகப் போகிறது, வெளிநாட்டு வியாபாரத்தில் அதற்குப் பேரே டின்னவேலி சென்னா. சின்ன வயதில் ஆறு மாசத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெயோ நிலாவாரைக் கஷாயமோ கொடுத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் வரிசையாகக் காட்டுப் பக்கம் விரட்டியது நினைவிருக்கிறவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆனால் நிலாவாரை குடலைத் தூண்டிவிட்டு இறுக்கித் தள்ளுகிறது, அதனால்தான் வயிறு முறுக்குகிறது. பொடியில் இருக்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால் அப்படி இல்லை. அது உடம்பில் சேராது, குடித்த தண்ணீரைக் குடலுக்குள்ளேயே பிடித்து வைத்து அப்படியே கழுவிக்கொண்டு இறங்கும். உப்புகளை அளவாகச் சேர்த்திருப்பதால் உடம்பிலிருந்து உப்பும் தண்ணீரும் அதிகம் இழக்காது. அத்தை கேட்டுக்கொண்டார், ஆனால் நிலாவாரை டப்பாவை அடுப்படியில் தயாராக எடுத்து வைத்திருந்ததையும் பார்த்தேன்.

ருசி? எலுமிச்சை வாசனை போட்டிருக்கிறார்கள். கடல் தண்ணீரில் லெமன் மிட்டாயைக் கரைத்த மாதிரி. முதல் டம்ளர் பரவாயில்லை, மூன்றாவதில் தொண்டை மூடிக்கொள்கிறது. கால் மணிக்கு ஒரு டம்ளர். மூக்கைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பக்கம் வைத்துக் குடித்தேன், நடுநடுவே ஒரு எலுமிச்சைத் துண்டைச் சப்பினேன். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு மணி நேரம் போலச் சும்மா டிவி பார்த்துக்கொண்டு, இதற்கா அண்ணன் அப்படி இழுத்தான் என்று நினைத்தேன். அப்புறம் வயிற்றுக்குள் ஒரு குடுகுடு. அதிலிருந்து நான் எழுந்து நடந்ததாகவே நினைவில்லை, ஓடியதுதான். வலியெல்லாம் இல்லை, முறுக்கல் இல்லை, ஆனால் அவகாசமும் இல்லை. கதவைத் தாழ் போடவும் நேரமில்லாத வேகம்.

வீட்டுத் திட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதுதான் எழுத உட்கார்ந்த காரணம். எங்கள் சொசைட்டியில் தண்ணீர் காலையில் ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மற்ற நேரத்துக்கு லாஃப்டில் ஒரு சின்னத் தொட்டி. பழைய மாடல் ஃப்ளஷ் டாங்க் ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டர் போலக் குடிக்கும். ராத்திரி முழுக்க நான் போய்ப் போய் வந்தால் நடுராத்திரியில் தொட்டி காலி. அதனால் முந்தின நாள் சாயங்காலமே பாத்ரூமில் நீல டிரம் ஒன்றை நிரப்பி, ஃப்ளஷை யாரும் தொடக்கூடாது, மக்கில் ஊற்றினால் போதும் என்று இவர், என் வீட்டுக்காரர், உத்தரவு போட்டார். எதிர் வீட்டு மராத்திக் காக்கூவிடம் நான் பேசி வைத்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, வெஸ்டர்னா இந்தியனா எது வேண்டும் என்பது, அவர் வீட்டில் ரெண்டும் உண்டு. சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பனும் மகனும் அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் எதிர் வீடு. அத்தைக்கு முழங்கால் வலி, ராத்திரியில் படி தாண்டிப் போக முடியாது, எனவே அவருக்கு எங்கள் கக்கூஸில் முதல் உரிமை. நான் உள்ளே இருக்கும்போது அவர் வந்து கதவைத் தட்டினால்? அதற்கு அவரே வழி சொன்னார். ராத்திரி தனக்குப் போட்டுக்கொள்கிற டயப்பர் பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார். "வெக்கப்படாத, ஆட்டோல போம்போதும் ஆவும்." கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் எனக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறார், நகை உட்பட. இதைத்தான் மறக்க முடியாது.

இன்னொன்று, தேங்காய் எண்ணெய். தொடக்கத்திலேயே தடவிக்கொள்ளுங்கள், எரிய ஆரம்பித்த பிறகு இல்லை. டிஷ்யூ பேப்பர் தேய்க்கவே வேண்டாம், தண்ணீர்தான் நல்லது, இந்த விஷயத்தில் நாம் வெள்ளைக்காரனைவிடப் பாக்கியசாலிகள்.

விடிகாலை லிட்டரைக் குடித்து முடித்து, சோதனைக்கு ரெண்டு மணி நேரம் முன்னால் தண்ணீரையும் நிறுத்தியாகிவிட்டது. போவது தெளிவாக, மஞ்சளாக, கசடில்லாமல் இருந்தால் வயிறு தயார் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் நுழைந்ததிலிருந்து எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும், வாட்ச்மேனைத் தவிர, என்னைக் கேட்டது அந்த ஒரே கேள்வி: "பேட் சாஃப் ஹுவா க்யா?" வயிறு சுத்தமாச்சா? பேர் கேட்கிறவர், பி.பி. பார்க்கிறவர், கையில் ஊசி ஏற்றுகிற கேரளத்து நர்ஸ், எல்லாரும். அந்த நர்ஸிடம் மட்டும் தமிழில் பதில் சொன்னேன், அவர் மலையாளத்தில் கேட்டார், ரெண்டு பேருக்கும் புரிந்தது.

கையெழுத்து வாங்குகிற தாளில் குடலில் ஓட்டை விழலாம், ரத்தம் போகலாம் என்றெல்லாம் எழுதியிருக்கும். படித்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடத் தோன்றும். டாக்டர் உட்கார்ந்து நிதானமாகவே சொன்னார். சும்மா பார்த்துவிட்டு வருகிற சோதனையில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, பெரிய பாலிப்பை அறுத்து எடுக்கும்போது அது கொஞ்சம் கூடும். உங்கள் அண்ணனுக்கு இருந்ததை வைத்துப் பார்த்தால் இந்த ரிஸ்க் எடுக்கலாம், என் தங்கச்சியாக இருந்தாலும் சொல்வேன் என்றார். எனக்கு அப்படிப் பேசுகிற டாக்டர்களைத்தான் பிடிக்கும். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று தோளில் தட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் பயம்.

சோதனையைப் பற்றி எழுத அதிகமில்லை. பின்பக்கம் திறந்த கவுன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். மயக்க டாக்டர் ஆஸ்துமா உண்டா, பொய்ப்பல் உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கிற புரோபோஃபால் மருந்தை ஏற்றிக்கொண்டே, தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று பேச்சுக் கொடுத்தார். "திருநெல்" வரை சொன்னது தெரியும். மிச்சத்தைச் சொன்னேனா என்று தெரியாது.

நான் தூங்கியபோது நடந்ததை டாக்டர் பிறகு சொன்னார். சுண்டுவிரல் கனத்தில் கருப்புக் குழாய், நுனியில் விளக்கும் கேமராவும். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். சுருங்கிக் கிடக்கிற குடலை விரிக்கக் காற்று அடிக்கிறார்கள், இப்போது பல இடங்களில் கார்பன் டை ஆக்ஸைடு, அது சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடுவதால் பின்னால் உப்புசம் குறைவு. குடல்வால் தொடங்குகிற இடம்வரை ஒரேயடியாகப் போய்விட்டு, உண்மையில் பார்ப்பது திரும்பி வரும்போதுதான், ஒவ்வொரு மடிப்பாக. ஒன்றுமே இல்லாத குடலாக இருந்தாலும் திரும்பி வர ஆறு நிமிஷத்துக்குக் குறையக்கூடாது என்பது டாக்டர்களுக்குள் ஒரு கணக்கு. எந்த இடத்தில் பண்ணிக்கொண்டாலும் ரிப்போர்ட்டில் அந்த நேரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

விழித்தபோது வரிசையாகக் கட்டில்கள், திரைக்குப் பின்னால் திரை. நர்ஸ் வந்து, காற்றை அடக்காதீர்கள், விட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாத் திரைக்குப் பின்னாலிருந்தும் அதற்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தார்கள். மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெரியவர்கள், சேட்டுகள், பள்ளிக்கூட டீச்சர்கள், ஒருத்தருக்கும் கூச்சமில்லை. எனக்குச் சிரிப்பு அடக்கமுடியாமல் வந்தது, சிரித்தால் நானும் கீழ்ப்படிய வேண்டியதாகிவிட்டது. சாயும் பார்லே-ஜியும் கொடுத்தார்கள். அந்த நாலு பிஸ்கட் மாதிரி வேறெதுவும் என் வாழ்க்கையில் ருசித்ததில்லை. மயக்க மருந்து கொடுத்ததால் அன்று வண்டி ஓட்டக்கூடாது, முக்கியமான தாள்களில் கையெழுத்துப் போடக்கூடாது, கூட ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். இவர் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் தெளிவாகப் பதில் சொன்னேனாம், ஆட்டோவில் வந்ததே எனக்கு நினைவில்லை.

ரிப்போர்ட்டில் கலர் போட்டோக்கள். இளஞ்சிவப்பில், ரத்த நாளங்கள் கோலம் போட்டு, சொந்தக் குடல் இவ்வளவு அழகாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? சுத்தத்துக்கு மதிப்பெண் உண்டு, பாஸ்டன் ஸ்கேல் என்று ஒன்று. வலது, நடு, இடது என்று குடலை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மூன்று, மொத்தம் ஒன்பது. எனக்கு எட்டு. ஸ்கூலில்கூட நான் இவ்வளவு வாங்கியதில்லை. அத்தை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "மீதி ஒரு மார்க்கு எங்க போச்சு?"

இடது பக்கம் கீழே நாலு மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருந்தது. கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வருகிறவரைக்கும் நான் தைரியமாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். வந்தது: டியூபுலர் அடினோமா, லோ கிரேட். கெட்டதில்லை, விட்டிருந்தால் ஒருவேளை ஆகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம். குடும்பத்தில் இருப்பதால் அடுத்த சோதனை ஐந்து வருஷத்தில். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், குடலும் சுத்தமாக இருந்தால் வழக்கமாகப் பத்து வருஷம் வரை தள்ளிப் போடலாம்.

இவருக்கு வேண்டுமா என்று கேட்டேன். அமெரிக்காவில் குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் 45 வயதில் தொடங்கச் சொல்கிறார்கள், 2021 வரை அது 50 ஆக இருந்தது. நம் நாட்டில் இந்த நோய் அவ்வளவு இல்லை, அரசாங்கம் நடத்துகிற புற்றுநோய்ப் பரிசோதனையிலும் வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் இந்த மூன்றுதான். அதனால் டாக்டர் இவருக்கு மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையை முதலில் செய்யச் சொன்னார். டப்பி வாங்கி வந்தாகிவிட்டது. "எனக்கு தினமும் சரியா போகுதே" என்பது இவருடைய வாதம்.

செலவு, நானே கட்டினேன். நோய் கண்டுபிடிக்க மட்டும் செய்கிற சோதனைக்கு மெடிக்ளெய்மில் பொதுவாகக் கிடைக்காது, பாலிசியிலேயே அப்படி ஒரு விலக்கு இருக்கும். பாலிப் எடுத்ததால் இது சிகிச்சையாகிவிட்டது என்று இவர் நாலு பக்கம் எழுதிப் போட்டிருக்கிறார், பதில் வரட்டும். கையில் காசில்லாதவர்களுக்கு சயான், கே.இ.எம்., நாயர் போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

பாக்கி இருப்பது தம்பி. குர்லாவில் ஒரு சாலில், வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள பழைய குடியிருப்பில், இருக்கிறான். மாடிக்குப் பொதுக் கக்கூஸ், காலையில் வாளியோடு வரிசை. அங்கே இருந்துகொண்டு இந்த மருந்தைக் குடிக்க முடியாது. தாராவியிலும் குர்லாவிலும் நம் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர் இப்படி இருக்கிறார்கள், அவர்களில் யாருக்காவது இந்தச் சோதனை எழுதிக் கொடுத்தால் எங்கே போய்க் குடிப்பார்கள் என்று எழுதுகிற டாக்டர் கேட்கிறாரா? சில ஆஸ்பத்திரிகளில் முந்தின நாளே அட்மிட் ஆகி அங்கேயே குடிக்கலாம், ஆனால் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள், ஒரு ராத்திரி பெட் வாடகையும் சேரும். தம்பியிடம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். "கணபதி முடியட்டும்க்கா" என்றான், மண்டல், அதாவது கணபதி விழாக் குழு, அதன் பொறுப்பு அவனுடையது. கணபதி முடிந்தால் நவராத்திரி வரும், அப்புறம் தீபாவளி. அதனால் விசர்ஜனத்துக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைக்கு அவன் பேரில் நானே தேதி வாங்கி, முன்பணமும் கட்டிவிட்டேன். மகனுக்கு அன்றைக்குப் பரீட்சை இல்லை, காக்கூவும் ஊரில்தான் இருக்கிறார், கேட்டுவிட்டேன்.